யார் அந்தப் பாரி?

மதுரைப் பக்கம் ‘வேள்பாரி’ வாசகர்கள் நாலு பேர் சேர்ந்தால் கேள்வி ஒன்றுதான்... பாரியாக நடிக்கப்போவது யார்?

மதுரை எம்.பி.யும் எழுத்தாளருமான சு.வெங்கடேசன் ஆனந்த விகடனில் 100 வாரங்களுக்கு மேல் எழுதிய தொடர் இது. படமாக்கும் உரிமை இயக்குநர் ஷங்கரிடம். புத்தகம் 1 லட்சம் பிரதிகளைத் தாண்டியதைக் கொண்டாட 2025 ஜூலையில் நடந்த விழாவில், ‘வேள்பாரி’தான் தன் கனவுப் படம் என்றார் அவர். அப்புறம் என்ன, ஆளுக்கொரு ஹீரோ பெயரைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள் ரசிகர்கள்!

வாராவாரம் காத்திருந்து படித்தவர்களுக்குச் சின்னதாக ஒரு பயமும் உண்டு. ஓவியர் ம.செ. வரைந்த முகம்தான் அவர்களுக்குப் பாரி. இன்னொரு முகம் அங்கே பொருந்துமா? தவிர, வெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’ 1,000 பக்கங்களுக்கு மேல். அதில் ஒரு பகுதிதான் 2012-ல் ‘அரவான்’ படமானது. ‘வேள்பாரி’யில் எது திரைக்கு வரும், எது விடுபடும்?

போர்க்களத்தை கிராஃபிக்ஸ் பார்த்துக்கொள்ளும். முல்லைக்கொடி படரத் தேரையே விட்டுவிட்டுப் போன மனசை நடிகர்தான் காட்ட வேண்டும்.

பாரியின் பறம்பு மலை என்று சொல்லப்படும் பிரான்மலை, சிவகங்கை மாவட்டம் சிங்கம்புணரி பக்கம்தான் இருக்கிறது. ஒரு லீவு நாளில் போய் மலையை நிமிர்ந்து பாருங்கள். அப்போது மனதில் வருகிற முகம் எதுவோ, அதுதான் உங்கள் பாரி!