செயற்கை நுண்ணறிவும் நம் சங்க ஏடுகளும்

சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் அண்மையில் நடைபெற்ற மென்பொருள் வியாபார மாநாடொன்றைக் கண்டுவரும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. கூட்டுறவு ஆய்வாளருக்கு அங்கே என்ன வேலை என்று வாசகர்கள் வினவலாம். இராயபுரம் முதல் எண்ணூர் வரையிலும், அதற்கப்பால் மீஞ்சூர், பொன்னேரிப் பக்கத்திலும் நாம் ஆய்வுக்குச் செல்லும் சங்கங்களில் அங்கத்தினர்கள் இப்பொழுது ஒரே கேள்வியைக் கேட்கின்றனர். செயற்கை நுண்ணறிவு என்னும் இப்புதிய இயந்திரம் நம் சங்கத்துக்கு வந்தால் நன்மையா, தீமையா என்பதே அது. அதற்கு விடை தேடியே சென்றோம். அறிந்து வந்தவற்றை அங்கத்தினர் முன் வைப்பது நம் கடமை.

முதலாவது, விலையைப் பற்றியது. மென்பொருளை ஒரே தடவை விற்றுவிடும் வழக்கம் குறைந்து, மாத வாடகைக்கு விடும் வழக்கம் வேரூன்றிப் பல ஆண்டுகளாயின. இத்தொழிலில் சென்னைக்கு உலகப் பெயருண்டு. இதுவரை வாடகையானது உபயோகிப்போர் தலைக்கு இவ்வளவு என்றிருந்தது. பத்துப் பேர் செய்த வேலையை இருவர் இயந்திரத்தின் துணையால் செய்துவிட்டால் தலைக்கணக்கு என்னாவது என்ற கவலை இப்பொழுது விற்பவர்களையே பிடித்திருக்கிறது. ஆகவே, இயந்திரம் படிப்பதையும் எழுதுவதையும் துண்டு துண்டாக எண்ணிக் கட்டணம் விதிக்கும் முறை பரவி வருகிறது. முழக்கணக்கில் கூலி பெறும் நெசவாளருக்கு இம்முறை விளங்காததன்று. ஆனால் இதில் ஒரு நுட்பமுண்டு. இக்கருவிகளிற் பலவற்றில் தமிழ்ச் சொற்கள் ஆங்கிலச் சொற்களைவிட அதிகத் துண்டுகளாக உடைகின்றன. ஒரே கடிதத்தைத் தமிழில் எழுதினால் கட்டணம் கூடுகிறது. எனவே, விலை பேசும் காரியதரிசி ஆங்கில மாதிரியைக் கண்டு மயங்காமல், தம் சங்கத்தின் தமிழ்க் கடிதங்களையே கொடுத்துக் கணக்குப் பார்த்தல் வேண்டும்.

இரண்டாவது, வேலையைப் பற்றியது. மேடையில் ஐந்து நிமிஷத்தில் முடிந்து கைதட்டல் பெறும் வேலை, வாங்கியவரின் அலுவலகத்தில் மாதக்கணக்காக இழுப்பதேன் என்று அம்மாநாட்டில் ஒருவர் கேட்டார். வாங்குவோரின் பழைய பதிவேடுகள் ஒழுங்காக இல்லை என்பதே அவருக்குக் கிடைத்த விடை. இவ்வியந்திரம் ஏராளமான எழுத்துகளைப் படித்து, எதன் பின் எது வருதல் பொருந்தும் என்று கணிக்கிறது. உண்மையைச் சோதித்தறியும் ஆற்றல் அதற்கு இயல்பாக இல்லை. தனக்குத் தெரியாததையும் தெரிந்ததுபோல் தயக்கமின்றிச் சொல்லும். தவறான ஏட்டைக் கொடுத்தால், தவற்றையே அழகிய நடையில் திருப்பித் தரும்.

நம் ஏடுகளின் நிலை என்ன? பாகம் பிரிந்த நிலம் பழைய சர்வே எண்ணிலேயே கிடக்கிறது. காலமான அங்கத்தினர் பட்டியலில் உயிரோடிருக்கிறார். ஒருவர் வாங்கிய பாவு நூல் மற்றொருவர் பற்றில் ஏறியிருக்கிறது. இத்தனை காலமும் இவற்றால் பெருங்கேடு விளையாமைக்குக் காரணம், ஆளை அறிந்த எழுத்தர் நினைவால் நேர்செய்து கொண்டதே. இயந்திரத்துக்கு ஆளைத் தெரியாது, ஏட்டைத்தான் தெரியும். நாணயமான விவசாயியை வாய்தா தவறியவரென்று அது தள்ளிவிட்டால், அவ்வாண்டுப் பயிர்க்கடன் இல்லாமல் போகும். 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க 2,516 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2022 ஜூன் மாதத்தில் ஒப்புதல் அளித்தது. ஏடு இயந்திரத்துக்குள் ஏறுகிற இக்காலமே அதைத் திருத்தத் தக்க காலம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். பிழையான ஏட்டுச் சுரைக்காயோ கறியையே கெடுத்துவிடும்.

மூன்றாவதே தலையாயது: ஏடு யாருடைய உடைமை? சில கருவிகள் முதலில் இலவசமாகவோ சொற்ப வாடகைக்கோ கிடைக்கின்றன. நம் நெசவு டிசைன்களும், கொள்முதல் விலைகளும், கடன் விவரங்களும் அவற்றுக்குள் சென்றபின் வெளியேறுவது எளிதன்று. இது நமக்குப் பழகிய கதையே. திருவொற்றியூரிலுள்ள காலாடிப்பேட்டை, 1717 முதல் 1720 வரை சென்னைக் கவர்னராயிருந்த ஜோசப் காலெட் என்பவரின் பெயரால் நெசவாளரைக் குடியேற்றி அமைத்த ஊர். கம்பெனி வணிகத்தின் ஆணிவேர் முன்பணம். அதைப் பெற்ற நெசவாளர், கடன் தீரும்வரை விரும்பியவருக்கு விற்கும் சுதந்திரத்தை இழந்தார். கம்பெனி சென்ற பின்னும் அத்தளை தனி வியாபாரிகளின் கைகளில் நீடித்தது. அதை அறுக்கவே கூட்டுறவு பிறந்தது. திருவள்ளூரை அடுத்த திரூரில் 1904-இல் விவசாயக் கடன் சங்கம் பதிவாயிற்று. 1935-இல் கோ-ஆப்டெக்ஸ் தோன்றியது. அன்று முன்பணம் செய்ததை நாளை நம் ஏடு செய்துவிடலாகாது. ஜக்கார்டு அட்டையைக் கையில் வைத்திருப்பவரே அந்த டிசைனை மறுபடி நெய்ய முடியும் என்பது நெசவாளர் அறிந்ததே.

நான்காவது, பொறுப்பைப் பற்றியது. கனடாவில் ஏர் கனடா விமானக் கம்பெனியின் உரையாடல் இயந்திரம், துக்கப் பயணக் கட்டணச் சலுகை குறித்து ஒரு பயணிக்குத் தவறான தகவல் தந்தது. அதற்குத் தான் பொறுப்பில்லையென்று கம்பெனி வாதித்தது. 2024 பிப்ரவரியில் தீர்ப்பாயம் அவ்வாதத்தை ஏற்காமல், நஷ்டஈடு தரும்படி கூறிற்று. நம் சங்கத்திலும் "இயந்திரம் சொல்லிற்று" என்பது ஒருநாளும் பதிலாகாது. கடன் மறுப்பில் கையெழுத்திடுபவர் மனிதர். காரணம் சொல்ல வேண்டியவரும் அவரே.

இயந்திரத்தைக் கண்டு அஞ்சி ஒதுங்குவதும் நம் கருத்தன்று. கடிதம் எழுதவும், கணக்கிற் பொருந்தாத இடங்களைச் சுட்டவும், சுற்றறிக்கைகளைச் சுருக்கித் தரவும் அது நல்ல கையாள். ஆயினும் வாங்குமுன் சில ஏற்பாடுகள் அவசியம். ஒவ்வோர் அங்கத்தினரும் தம் பக்கத்தை ஏட்டில் பார்த்துச் சரியென்று ஒப்பமிடட்டும். ஒப்பந்தத்தைப் பொதுப்பேரவையில் தமிழில் படித்துக் காட்டட்டும். விலகும் நாளில் நம் விவரங்கள் முழுவதும் நமக்குத் திரும்ப வரவேண்டும் என்பதும், நம் அனுமதியின்றி அவற்றைக் கொண்டு வேறு இயந்திரத்துக்குப் பயிற்சி தரலாகாது என்பதும் அதில் எழுத்தில் இருக்கட்டும். தனிச் சங்கம் பேரம் பேசினால் பலனில்லை. நூலைச் சேர்ந்து கொள்முதல் செய்வதுபோல் இதையும் சம்மேளனங்களின் வழியே சேர்ந்து பேச வேண்டும். நம் மாநில அரசு 2020-இல் வெளியிட்ட செயற்கை நுண்ணறிவுக் கொள்கை, இத்தகைய கருவிகளை நேர்மை, அந்தரங்கம், தணிக்கைக்கு உட்படும் தன்மை ஆகியவற்றால் மதிப்பிடச் சொல்கிறது. அக்கேள்விகளையே நாமும் விற்பவரிடம் கேட்கலாம்.

அடுத்த பொதுப்பேரவைக்குள் ஒவ்வொரு சங்கமும் தன் அங்கத்தினர் பதிவேட்டையேனும் திருத்தி முடிக்கட்டும். இயந்திரம் வந்தாலும் வராவிட்டாலும், அவ்வேலை ஒரு நாணயமான அங்கத்தினரின் கடனையும் கூலியையும் காக்கும்.