பட்டத்திற்கு வேலி

அமெரிக்க ஐக்கிய நாட்டின் கலிபோர்னியா ராஜ்யத்திலே 116 சமூகக் கலாசாலைகள் நடைபெற்று வருகின்றன. சுமார் இருபது லக்ஷம் பேர் அவற்றில் பயில்கிறார்கள். பகலில் கூலிக்கு உழைத்து இரவில் பாடம் கேட்பவர்களும், குழந்தைகளைத் தாயாரிடம் விட்டுவிட்டு வரும் ஸ்திரீகளும் இவர்களில் அநேகர். இக்கலாசாலைகள் நெடுங்காலம் இரண்டாண்டுப் படிப்போடு நின்றுவிட்டன. பி.ஏ., பி.எஸ்ஸி. போன்ற பட்டம் வேண்டுவோர் வேறோர் ஊர் சென்று ஸர்வகலாசாலையின் கதவைத் தட்ட வேண்டியிருந்தது. நம் பழைய சென்னை ராஜதானியில் ‘இரண்டாந்தரக் கல்லூரி’களில் இண்டர்மீடியட் தேறிய ஏழைப் பிள்ளைகள், பட்டப்படிப்புக்குச் சென்னைக்கோ திருச்சிக்கோ போக வகையின்றி ஊரிலேயே குமாஸ்தாவாக அமர்ந்துவிட்டதை அறிந்தவர்களுக்கு இந்தக் கஷ்டத்தை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இந்த ஏற்பாடு தானாக விளைந்ததன்று. 1960-ஆம் ஆண்டில் அந்த ராஜ்யம் உயர்தரக் கல்விக்கு ஒரு மூலத்திட்டம் வகுத்தது. பள்ளிப் படிப்பில் தேறியவர்களுள் முதல் எட்டில் ஒரு பங்கினருக்குக் கலிபோர்னியா ஸர்வகலாசாலை. முதல் மூன்றில் ஒரு பங்கினருக்கு ராஜ்யக் கல்லூரிகள், அதாவது பிற்காலத்தில் ராஜ்ய ஸர்வகலாசாலை என்று பெயர் பெற்றவை. மற்றெல்லாருக்கும் சமூகக் கலாசாலை. எவரையும் தள்ளாமல் ஏதேனும் ஒரு வாசலைத் திறந்துவைத்தது அத்திட்டத்தின் பெருமை என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் வாசலுக்கு வாசல் வரம்பு கட்டி, இன்னார் இவ்வளவே கற்பிக்கலாம் என்று விதித்தது கல்வியில் ஒரு வர்ணாசிரமமாகவே முடிந்தது.

அத்திட்டத்தைச் சட்டமாக்கியவர் அன்றைய கவர்னர் பாட் பிரவுன். 2014-இல் அதன் வரம்பைச் சிறிது தளர்த்திப் பதினைந்து கலாசாலைகளில் பரீக்ஷார்த்தமாகப் பட்டப்படிப்பை அனுமதித்தவர் அவருடைய குமாரர் கவர்னர் ஜெர்ரி பிரவுனே. 2021-இல் வந்த மற்றொரு சட்டம் இதை நிலையான ஏற்பாடாக்கி, ஆண்டொன்றுக்கு முப்பது படிப்புகள் வரை தொடங்க இடமளித்தது. நான்கு ஆண்டுகளுக்கும் சேர்த்துக் கட்டணம் ஏறக்குறைய 10,500 டாலர். அதே 2021-இல் ராஜ்ய ஸர்வகலாசாலையில் ஓராண்டுக் கட்டணமே 5,742 டாலராயிருந்தது.

இவ்வளவும் நல்லதே. ஆனால் ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பிடித்துக்கொள்ளும் ஷரத்தொன்றும் கூடவே வந்தது. ஸர்வகலாசாலைகள் நடத்தும் எந்தப் பட்டப்படிப்பையும் சமூகக் கலாசாலை நடத்தலாகாதாம்! குதிரைப் பண்ணை நிர்வாகத்திற்குப் பட்டம் அளிக்கலாம். பற்சுத்தித் தொழிலுக்கு அளிக்கலாம். பெரியவர்கள் ஏற்கனவே கைவைத்த துறையைத் தொடக்கூடாது.

இதன் பலனைக் காண வேண்டுமானால் வடக்கே மலைநாட்டிலுள்ள குவின்ஸி என்னும் சிற்றூருக்குப் போகவேண்டும். அங்கேதான் பெதர் ரிவர் கலாசாலை இருக்கிறது. 2021-ஆம் ஆண்டில் ‘டிக்ஸி’ என்று பெயரிடப்பட்ட காட்டுத்தீ ஒன்பதரை லக்ஷம் ஏக்கருக்கு மேல் எரித்து, அந்த ஜில்லாவைச் சேர்ந்த கிரீன்வில் ஊரையும் சாம்பலாக்கிற்று. வெந்த காட்டை மீட்கவும், தீயை அடக்கியாளவும் உள்ளூர்ப் பிள்ளைகளைப் பயிற்றுவிக்க ஒரு பட்டப்படிப்பை அக்கலாசாலை கோரியது. ராஜ்ய ஸர்வகலாசாலையோ, ஹம்போல்ட் ஜில்லாவிலுள்ள தன் கிளை அத்தகைய படிப்பொன்றை ஆரம்பிக்க உத்தேசித்திருக்கிறதென்று ஆக்ஷேபித்தது. குவின்ஸிக்கும் ஹம்போல்ட் கிளைக்கும் இடையே சாலைவழி இருநூறு மைலுக்கு மேல். வீடு எரிந்தவன் தன் ஊர்க் காட்டைக் காக்கக் கற்றுக்கொள்ள மலை தாண்டிக் கடற்கரைக்குப் போகவேண்டும் என்பதா நியாயம்?

தாதித் தொழிலின் கதை இன்னும் வருந்தத்தக்கது. சமூகக் கலாசாலையில் பயின்ற நர்ஸும், ஸர்வகலாசாலையில் பட்டம் பெற்ற நர்ஸும் லைசென்ஸுக்காக எழுதும் பரீக்ஷை ஒன்றே. எனினும் பெரிய ஆஸ்பத்திரிகள் பட்டதாரிகளையே விரும்புகின்றன. ஆகவே பத்துச் சமூகக் கலாசாலை ஜில்லாக்களில் மட்டும் தாதிப் பட்டத்தைச் சோதித்துப் பார்க்க அனுமதிக்கும் மசோதா ஒன்று 2024-இல் சட்டசபையின் இரு பிரிவுகளிலும் நிறைவேறிற்று. கவர்னர் நியூஸம் அதை நிராகரித்தார். கலாசாலைகளும் ஸர்வகலாசாலைகளும் கூடி நடத்திவரும் ஏற்பாடுகள் இதனால் குலையக்கூடும் என்பது அவர் கூறிய காரணம். கூட்டு ஏற்பாடு நல்லதே. நாம் அதற்கு விரோதியல்ல. ஆனால் கூட்டாளி இருவரில் ஒருவர் கையிலேயே பட்டம் கொடுக்கும் அதிகாரம் இருக்குமாயின், மற்றவர் எப்போதும் அவர் தயவுக்குக் காத்திருக்கவேண்டியதே.

தராதரம் குறைந்துவிடும் என்று அஞ்சுவோரும் உளர். அந்த அச்சத்தை நாம் அலக்ஷியம் செய்யவில்லை. தகுந்த உபாத்தியாயரும் புத்தகசாலையும் பரிசோதனைச் சாலையும் இல்லாத இடத்தில் பட்டம் வழங்குவது மாணவரை ஏமாற்றுவதேயாகும். எழுதப்படிக்கத் தடுமாறி வருவோரைத் தூக்கிவிடும் பழைய கடமையை, பட்டத்தின் மோகத்தில் கலாசாலைகள் கைவிட்டாலும் நாம் கண்டிக்கவே செய்வோம். ஆனால் தராதரம் தணிக்கையாளர் பார்க்கவேண்டிய விஷயம். போட்டிக்கு அஞ்சும் ஸ்தாபனம் தீர்மானிக்கவேண்டியதன்று. மேலும், ஒரே படிப்பு இரண்டிடத்தில் நடப்பது தவறு என்பவர்கள், ராஜ்ய ஸர்வகலாசாலையின் கிளைகள் ஒன்றில் நடக்கும் படிப்பே மற்றொன்றிலும் நடப்பதை என்னவென்பார்கள்?

ஆகவே சட்டசபையார் செய்யவேண்டியது இது. மாணவர் தினமும் போய்வரக்கூடிய தூரத்தில் அந்தப் பட்டப்படிப்பு ஸர்வகலாசாலையில் உண்மையாகவே நடைபெற்று, இடமும் காலியாயிருந்தாலன்றி, இந்தத் தடை செல்லாதென்று ஷரத்தைத் திருத்தவேண்டும். தொடங்க உத்தேசம் என்ற காகிதத்தைக் காட்டித் தடுப்பதற்கு இடமே இருக்கலாகாது. தாதிப் பட்ட மசோதாவையும் மறுபடி கொண்டுவந்து நிறைவேற்றி, கவர்னர் பதவியில் எவர் இருப்பினும் அவர் மேஜைக்கு அனுப்பவேண்டும்.