பக்கத்திலிருந்து வரும் ஒளி



கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலையொன்றில் ஒப்பந்தக் கூலியாக வேலை செய்யும் இளைஞர் ஒருவர், இரவுப் பணி முடிந்த கையோடு ஒருநாள் காலை என்னைக் காண வந்தார். "சாமி, ஞாயிற்றுக்கிழமைகளில் கல்யாணம், புதுநன்மை என்று படம் பிடித்தால் நாலு காசு சேரும். நல்ல ஃபிளாஷ் ஒன்று வாங்கத் தவணைக் கடன் எடுக்கலாமா?" என்றார். பழைய டிஜிட்டல் கேமரா ஒன்று அவரிடம் இருந்தது. அவர் குறிப்பிட்ட ஃபிளாஷின் விலையோ அவருடைய இரண்டு மாதக் கூலிக்கும் மேல்! வேண்டாம் என்றேன். வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டால் போதுமா? ஆகவே அவருக்குச் சொன்னதை இங்கும் எழுதுகிறேன். அவரைப் போன்ற பிள்ளைகள் நம் குடும்பங்களில் பலர் உண்டு.

படம் கெடுவதற்குப் பெரும்பாலும் காரணம் ஃபிளாஷ் இருக்கும் இடமே. கேமராவின் தலைமேல் அமர்ந்து நேராக அடிக்கும் ஒளி முகத்தைத் தட்டையாக்கிவிடுகிறது. வெயிலில் உழைத்துக் கறுத்த நம்மவர் முகங்களிலோ, நெற்றியும் மூக்கும் பளபளக்க, மற்றதெல்லாம் சாம்பல் பூத்தாற்போல் தோன்றுகிறது. அதே ஃபிளாஷைக் கழற்றி, ஒரு பக்கமாக, முகத்தைவிடச் சற்று உயரத்தில் வைத்துப் பாருங்கள். கன்னத்தின் வளைவும் கண்ணின் ஆழமும் தாமாகவே எழுந்து வரும். 1599-1600ஆம் ஆண்டுகளில் கரவாஜ்ஜோ வரைந்த ‘புனித மத்தேயுவின் அழைப்பு’ என்னும் ஓவியத்தின் அச்சுப்படம் கிடைத்தால் உற்று நோக்குங்கள். ஆயத்துறை மேசையைச் சுற்றியிருப்போர் முகங்களில் ஒளி பக்கத்திலிருந்துதான் விழுகிறது.

இன்னொரு வரலாறும் நினைவுக்கு வருகிறது. ஆண்டவரின் கல்லறைத் துணியென்று தூரின் நகரில் வணக்கம் பெறும் புனிதத் துணியை, 1898 மே மாதம் செக்கோந்தோ பியா என்ற வழக்கறிஞர் முதன்முதலாகப் புகைப்படம் எடுத்தார். கேமராவுக்கு அப்பால் மின்விளக்குகளை நிறுத்தி, ஒளி மென்மையாகப் பரவ அவற்றின் முன் மங்கல் கண்ணாடிகளை வைத்தார். 25ஆம் நாள் விளக்குகளின் சூட்டில் கண்ணாடிகள் வெடித்துப்போயின. 28ஆம் நாள் இரவு மீண்டும் வந்து முயன்றார். நெகட்டிவில் திருமுகம் தெளிந்து தோன்றிய செய்தியை நீங்கள் அறிவீர்கள். முதல் நாளே எல்லாம் கைகூட வேண்டுமென்று எதிர்பார்க்கும் இளைஞர்களுக்கு நான் இதைச் சொல்வதுண்டு.

இனி, செலவுக்கு வருவோம். தானியங்கி வசதிகள் ஏதுமற்ற சாதாரண ஃபிளாஷ் ஒன்று, அதைத் தொலைவிலிருந்து இயக்க ஒரு ரேடியோ டிரிக்கர், மறுமின்னூட்டம் செய்யும் பேட்டரிகள் நான்கு, இவை போதும். குடையும் தாங்கியும் பிறகு வாங்கலாம். அதுவரை வெள்ளை வேட்டியொன்றைக் கொடிக்கயிற்றில் விரித்து, அதன் பின்னால் ஃபிளாஷை நிறுத்துங்கள். எதிர்ப்பக்க நிழல் கடுமையாக இருந்தால் ஒரு தெர்மோகோல் அட்டை அதைத் தணிக்கும். பழைய ஃபிலிம் காலத்து ஃபிளாஷ் மலிவாகக் கிடைத்தால் எச்சரிக்கை! சிலவற்றின் இணைப்பு முனையில் 200 வோல்ட்டுக்கு மேல் அழுத்தம் இருக்கும். கேமராவின் மேல் அதை நேராகப் பொருத்தினால் கேமராவே பழுதாகலாம்.

கணக்கு எளிது. ஃபிளாஷின் வழிகாட்டி எண்ணை மீட்டர் தூரத்தால் வகுத்தால் லென்ஸின் திறப்பு கிடைக்கும். ஐ.எஸ்.ஓ. 100இல் எண் 32 எனில், கால்பங்கு வலிமையில் அது 16 ஆகும். 2 மீட்டர் தூரத்துக்கு எஃப் 8. நடுவே வேட்டி ஒளியை விழுங்குவதால் 5.6 அல்லது 4 வைத்துப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். தூரம் இரட்டித்தால் ஒளி நான்கில் ஒன்றாகும். ஷட்டரை 1/125இல் நிறுத்துங்கள். மிக வேகமாக வைத்தால் படத்தின் ஒரு பகுதி இருண்டுவிடும். பழவேற்காட்டுப் பக்கம் கடற்காற்றில் குடை விரிப்பவர்கள் தாங்கியின் காலில் மணல்மூட்டை கட்ட மறவாதீர்கள். எழுந்தேற்றத்தின் வேளையில் ஃபிளாஷ் அடிப்பவர்களைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இன்று வேண்டாம்.

இத்தனையும் ஒரு குருவானவர் ஏன் எழுதுகிறார் என்பீர்கள். அடக்கத் திருப்பலிகளில் பெட்டியருகே வைக்கும் படத்தைப் பார்த்து நான் வருந்தாத மாதமில்லை. யாருடைய திருமணத்திலோ கூட்டத்தோடு நின்ற பாட்டியின் முகத்தை வெட்டியெடுத்துப் பெரிதாக்கியிருப்பார்கள். அல்லது அடையாள அட்டையின் திகைத்த முகம். "அம்மா இப்படி இருக்கமாட்டாங்க சாமி" என்று மகள் அழுவாள். எழுபது ஆண்டுகள் உழைத்தவருக்கு அவர் முகம் உள்ளபடி விளங்கும் ஒரு படம் இல்லை. செல்பேசி மட்டுமே உள்ளவர்களும் பெரியவரைச் சன்னல் பக்கமாக அமர்த்தி எடுக்கலாம். அதுவும் பக்கத்திலிருந்து வரும் ஒளியே.

அந்த இளைஞர் கடன் எடுக்கவில்லை. நவம்பர் 2ஆம் நாளுக்கு முந்திய ஞாயிறு, இரண்டாம் திருப்பலிக்குப் பின், எங்கள் பங்கு மண்டபத்தில் எழுபது வயது கடந்தோர் அனைவரையும் படமெடுக்கப் போகிறார். பிரதியொன்றுக்கு அச்சுக்கூலி மட்டுமே. வேட்டி என்னுடையது.