நெல்லா, பதரா?

கல்லூரி மாணாக்கர்களுக்கு ஆராய்ச்சிக் கட்டுரை எழுதும் பருவம் வந்துவிட்டால், அவர்களில் பாதிப் பேருக்கு ஆகாயத்தின்மேல் ஆசை பிறந்துவிடுகிறது. "செயற்கைக் கோள்கள் – ஓர் ஆராய்ச்சி" என்று கொட்டை எழுத்தில் தலைப்பிட்டு விடுகிறார்கள். முதல் பக்கத்தில் 1957-ஆம் வருஷத்து ஸ்புட்னிக். அடுத்த பக்கத்தில் 1975-ஆம் வருஷம் ஏப்ரல் 19-ந் தேதி ருஷ்ய ராக்கெட்டில் ஏறிச் சென்ற நமது ஆரியபட்டா. அதற்கடுத்தாற்போல் சந்திரனும் செவ்வாயும். பக்கங்கள் நிறைந்து விடுகின்றன. ஆராய்ச்சியைத்தான் எங்கும் காணோம்!

ஆசையை நாம் குறை கூறவில்லை. 1981-இல் ஆப்பிள் என்னும் கோளை மாட்டு வண்டியில் ஏற்றிப் பரிசோதித்துப் பிறகு வானுக்கு அனுப்பிய தேசம் இது. 2009-இல் அண்ணா பல்கலைக் கழகத்து மாணாக்கர்கள் பங்கு கொண்டு உருவாக்கிய 40 கிலோ எடையுள்ள அனுசாட், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து மேலே சென்றது. இவற்றை எண்ணி இளைஞர் மனம் பூரிப்பது நியாயமே. ஆனால் பூரிப்பு வேறு, ஆராய்ச்சி வேறு. ஆராய்ச்சிக்கு ஒரு கேள்வி வேண்டும். அதற்கு இன்னும் விடை தெரியாதிருக்க வேண்டும். விடை தெரிந்தால் யாருக்கேனும் பயன் இருக்க வேண்டும். தஞ்சை ஜில்லா மாணாக்கருக்கு அத்தகைய கேள்வி ஒன்று வீட்டுக் கொல்லைக்கு அப்பாலேயே கிடக்கிறது.

2016-இல் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், மகசூல் குறைந்தால் நஷ்ட ஈடு வயல் வயலாகக் கணக்கிடப்படுவதில்லை. கிராமத்துக்கோ பிர்காவுக்கோ சராசரி மகசூல் காண்கிறார்கள். அதற்காகச் சில வயல்களில் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் அளந்து, அறுத்து, அடித்து, நெல்லை நிறுத்துப் பார்க்கிறார்கள். அறுவடை முடிவதற்குள் எல்லா ஊர்களிலும் இதைச் செய்து முடிப்பது எளிதன்று. ஆகவே, வானத்திலிருந்து எடுத்த படங்களையும் துணைக் கொள்ளும் வழக்கம் வந்திருக்கிறது. கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக் கழகத்தார், பிலிப்பைன்ஸ் தேசத்திலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்துடன் சேர்ந்து இத்துறையில் வேலை செய்திருக்கிறார்கள். ஆக, வானத்துக் கண் சொல்லும் சாட்சி, ஒரு குடும்பத்தின் அடுத்த போக விதைச் செலவைத் தீர்மானிக்கக் கூடியதாயிற்று. அந்தச் சாட்சி எவ்வளவு நம்பத் தக்கது? இதுதான் கேள்வி.

சம்பாப் பயிர் வளரும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வானம் மேகத்தால் மூடிக் கிடக்கும். சாதாரணக் காமிராவுக்கு அப்போது வயல் தெரியாது. ராடார் பொருத்திய கோளோ, தானே வானொலி அலைகளை அனுப்பி, அவை திரும்பி வருவதைக் கொண்டு படம் தீட்டுகிறது. மேகமும் இரவும் அதற்குத் தடையல்ல. நாற்று நட்ட புதிதில் தேங்கிய நீர் அலைகளை வேறு திக்கில் தள்ளிவிடுவதால் வயல் கறுப்பாய்த் தெரியும். பயிர் தூர் கட்டித் தண்டு பெருக்கப் பெருக்க, வெளுத்துக் கொண்டே வரும். 2012-இல் நாம் அனுப்பிய ரிஸாட்-1, 2014-இல் ஐரோப்பியர் அனுப்பிய சென்டினல்-1ஏ, 2025-ஆம் வருஷம் ஜூலை 30-ந் தேதி நம்மவரும் அமெரிக்கரும் கூடி அனுப்பிய நைஸார், யாவும் இவ்வகையைச் சேர்ந்தவையே.

இங்கே இரண்டு சங்கடங்கள் உள்ளன. சென்டினல்-1ஏ, நைஸார் போன்ற கோள் ஒவ்வொன்றும் அதே பாதைக்குத் திரும்பப் பன்னிரண்டு நாள் ஆகும். 2018-ஆம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி நாகைக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரை கடந்த கஜாப் புயலைப் போன்ற ஒன்று வந்து, வயலில் ஐந்து நாள் வெள்ளம் நின்று வடிந்துவிட்டால், அடுத்த படத்தில் அதன் சுவடு எவ்வளவு எஞ்சும்? மற்றொன்று இன்னும் நுட்பமானது. பூக்கும் தருணத்தில் விடாமழை பிடித்தால், தாள் பச்சையாய் நிமிர்ந்து நிற்கும். கதிரில் மணி பிடித்திராது. ராடார் தாளின் செழிப்பை அறியும். கதிருக்குள் இருப்பது நெல்லா, பதரா என்பதை நேராகக் காண அதற்கு வழியில்லை. சூடடித்துத் தூற்றும்போது குடியானவருக்குத் தெரிவது, வானத்துக்குத் தெரியாமற் போகலாம்.

கட்டுரைக்குத் திட்டம் வகுப்போர் ஒரே கிராமத்தையும் ஒரே சம்பாவையும் எடுத்துக் கொள்ளட்டும். சென்டினல் படங்கள் எவருக்கும் இலவசமாய்க் கிடைக்கின்றன. நட்ட நாள் முதல் அறுவடை வரை உள்ள படங்களை வரிசைப்படுத்துக. பிறகு வரப்பில் இறங்கி நடந்து, நட்ட தேதி, நெல் ரகம், வெள்ளம் நின்ற நாட்கள், கண்ட மகசூல் ஆகியவற்றை வயல்தோறும் கேட்டெழுதுக. அடங்கலோடு ஒத்துப் பார்க்க. படத்தின் அளவையும் மறத்தலாகாது: ரிஸோர்ஸ்ஸாட்-2 கோளின் லிஸ்-3 காமிரா காட்டும் கட்டம் ஒன்று 23.5 மீட்டர் சதுரம். ஒரு மா நிலத்தில் அத்தகைய கட்டம் மூன்றுகூட அடங்காது. வரப்பும் வாய்க்காலும் அதற்குள்ளேயே கலந்துவிடும். கடைசியில், வானம் சொன்னது எத்தனை வயல்களில் சரி, எத்தனையில் தவறு, தவறியவை எவ்வகை வயல்கள் என்று ஒளிக்காமல் அட்டவணையிடுக. அந்த அட்டவணைதான் கட்டுரையின் உயிர்.

மற்றொரு விண்ணப்பமும் உண்டு. முடிவுகளைச் சுருக்கித் தமிழில் இரண்டு பக்கம் எழுதி, கேட்ட கேள்விகளுக்குப் பொறுமையுடன் விடை சொன்ன அந்த ஊராரிடம் படித்துக் காட்ட வேண்டும். மேலே சுற்றும் கோள்களில் நமது தேசத்தின் பணத்தில் செய்தவையும் உண்டு. அந்தப் பணத்தில் அவர்கள் பங்கும் இருக்கிறது. தங்கள் வயலைப் பற்றிக் கோள்கள் என்ன சொல்கின்றன, எங்கே தவறுகின்றன என்பதை அறிய அவர்களுக்கு முழு உரிமை உண்டு.