மைலேஜ் கேட்டு கார்புரேட்டரைத் திருகாதீர்கள்

எங்கள் வீட்டு வாசலில் இரண்டு வண்டிகள் நிற்கும். ஒன்று பையனுடையது. பட்டனை அமுக்கினால் ஓடும், சோக் கிடையாது, பெட்ரோல் டேப் கிடையாது. இன்னொன்று என்னுடைய சிடி 100. 1989ல் வாங்கியது. பொதுப்பணித் துறையில் இருந்த காலமெல்லாம் கல்லணைக் கால்வாய்க் கரையிலும் வெண்ணாற்றங்கரையிலும் என்னைச் சுமந்த வண்டி. ஆர்.சி.யைப் புதுப்பித்துப் புதுப்பித்து இன்னும் வைத்திருக்கிறேன். இப்போது அதன் வேலை காய்கறி, வங்கி, மருந்துக் கடை, கோயில். மாதத்துக்கு 300 கிலோமீட்டர் ஓடினால் அதிகம்.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு சாயங்காலம், சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டு நானும் மனைவியும் திரும்பிக்கொண்டிருந்தோம். மருத்துவக் கல்லூரி சாலையில் வலப்புறம் திரும்ப வேண்டும். எதிரே வண்டி இல்லை என்று பார்த்து, ஆக்சிலேட்டரை முறுக்கினேன். பாதிச் சாலையில் வண்டி 'பொசுக்'கென்று நின்றுவிட்டது. எதிரே ஒரு பஸ். டிரைவர் நல்ல மனிதர், பிரேக் போட்டுவிட்டார். கண்டக்டர் படியில் நின்று சொன்னதை இங்கே எழுத முடியாது. மனைவி பின்னாலிருந்து குதித்து இறங்கி, கையைக் காட்டிக்கொண்டே என்னையும் வண்டியையும் ஓரத்துக்குத் தள்ளினாள். அவளுக்கு முழங்கால் வலி. அன்றைக்கு அது எங்கே போனதென்று தெரியவில்லை.

ஓரத்தில் நின்று ஏழெட்டு உதை உதைத்தேன். கிளம்பவில்லை. சோக்கைத் தூக்கி உதைத்தேன், உடனே கிளம்பியது. வீட்டுக்கு வந்ததும் அவள் சொன்னது ஒரே வரிதான். "ஏங்க, இனிமே நான் ஆட்டோல வந்துக்குறேன்."

சோக் போட்டால் ஓடுகிறது, எடுத்தால் நிற்கிறது என்றால், இன்ஜினுக்குப் போகும் கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று அர்த்தம். அது ஏன் குறைந்தது என்று நான் அதிகம் தேட வேண்டியிருக்கவில்லை. அதற்கு முந்தின வாரம்தான் கரந்தையில் ஒரு பட்டறைக்குப் போயிருந்தேன். "தம்பி, முன்னாடி 62 குடுத்தது, இப்ப 56தான் குடுக்குது, கொஞ்சம் பாரு" என்றேன். அந்தத் தம்பி ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார், கார்புரேட்டரில் ஒரு திருகு, இன்னொரு அரைத் திருகு. "இனிமே பாருங்க சார்" என்றார். நானும் ஐம்பது ரூபாயைக் கொடுத்துவிட்டுச் சந்தோஷமாக வந்தேன். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. கேட்டது நான். நாற்பது வருடமாக நம்மில் எல்லோரும் பட்டறை வாசலில் நின்று கேட்பது இதைத்தானே, "மைலேஜ் செட்டிங் பண்ணிக் குடுப்பா."

இந்தப் பழக்கம் தப்பு, அதுவும் இன்றைய பெட்ரோலுக்கு ரொம்பவே தப்பு என்பதுதான் நான் சொல்ல வந்தது.

கார்புரேட்டரை ஒரு வாய்க்கால் அமைப்பாக நினைத்துப் பாருங்கள். எனக்கு எதையும் அப்படித்தான் யோசிக்க வரும். அடியில் ஒரு சின்னக் கிண்ணம், அதில் ஒரு மிதவை. பெட்ரோல் உயர்ந்தால் மிதவை எழும்பி ஒரு ஊசியால் வழியை அடைக்கும், குறைந்தால் திறக்கும். கழிவறைத் தொட்டியில் இருப்பதைப் போலத்தான். அந்தக் கிண்ணத்திலிருந்து பெட்ரோல் மேலே போக இரண்டு வழி. ஒன்று பைலட் ஜெட், மிகச் சிறிய துளை, அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. இதுதான் வயலுக்குப் போகும் சின்ன மடை. வண்டி நின்ற இடத்தில் ஓடும்போதும், ஆக்சிலேட்டரை முறுக்க ஆரம்பிக்கிற அந்த முதல் கணத்திலும் இன்ஜின் குடிப்பது இந்த மடையிலிருந்து. இன்னொன்று மெயின் ஜெட். இதுதான் தலைமதகு. வண்டி சாலையில் 40, 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது பெட்ரோல் பெரும்பாலும் இந்த வழியாக வருகிறது. நாம் முறுக்க முறுக்க ஒரு ஊசி மேலே எழும்பி அதன் அளவைக் கூட்டுகிறது.

பட்டறையில் திருகுகிற அந்தக் கலவைத் திருகாணி இருப்பது சின்ன மடையில். சின்ன மடையை அடைத்துத் தலைமதகுத் தண்ணீரை மிச்சப்படுத்த முடியுமா? சாலையில் ஓடும் வண்டிக்கு அந்தத் திருகலால் மிச்சமாவது அற்பம். ஆனால் நின்று கிளம்பும் நேரத்தில் இன்ஜினுக்குத் தொண்டை வறண்டு போகும். நின்று கிளம்புகிற இடம் எது? சிக்னல், கூட்டு ரோடு, வலப்புறத் திருப்பம். வண்டி நிற்கவே கூடாத இடங்கள்.

அந்தத் தம்பியே ஏமாறுகிற ஒரு சங்கதியும் உண்டு. திருகாணி ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்துவது. உள்ளே முறுக்கினால் பெட்ரோல் பங்கு கூடும். இன்ஜின் பக்கம் இருந்தால் நேர் எதிர், உள்ளே முறுக்கினால் பெட்ரோல் குறையும். இது தெரியாமல் எல்லா வண்டியையும் ஒரே பக்கம் திருகுகிறவர்கள் இருக்கிறார்கள். பாவம், 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்ததிலிருந்து புது பைக்குகளில் கார்புரேட்டர் ஏறக்குறைய இல்லாமல் போய்விட்டது. இருபது வயதுப் பையன்கள் அதை எங்கே கற்றுக்கொள்வார்கள்?

இனி பெட்ரோல். இப்போது பங்கில் நாம் போடுவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. அந்தக் கொள்கை சரியா தவறா என்று வாதாட நான் வரவில்லை, கரும்பு போடுகிற உறவுக்காரர்கள் எனக்கும் உண்டு. கணக்கை மட்டும் பார்ப்போம். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் சக்தி ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். ஆக, 20 சதவீதக் கலவையில் சுத்தப் பெட்ரோலைவிட 6, 7 சதவீதம் சக்தி குறைவு. மைலேஜ் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். அது வண்டியின் நோய் இல்லை.

இன்னொன்று, எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கிறது. அதனால் அதே காற்றுக்கு இன்னும் கொஞ்சம் அதிக எரிபொருள் தேவை. பையனின் வண்டியில் புகைக் குழாயில் ஒரு சென்சார் இருந்து, இதை மோப்பம் பிடித்துப் பெட்ரோலைக் கூட்டிக் கொடுத்துவிடுகிறது. என் கார்புரேட்டருக்கு மூக்கு கிடையாது. 1989ல் என்ன அளவுக்குத் துளை போட்டார்களோ அதே அளவுதான். அதாவது நாம் ஒன்றும் செய்யாமலேயே அதன் கலவை சற்றுப் பட்டினிக் கலவையாகிவிட்டது. மைலேஜ் குறைந்ததென்று நாம் பட்டறைக்குப் போய், அந்தப் பட்டினிக்கு மேல் இன்னொரு பட்டினி போடச் சொல்கிறோம். நான் செய்தது இதேதான்.

எதற்காக? மாதம் 300 கிலோமீட்டர். 62 கொடுத்தால் 4.8 லிட்டர், 56 கொடுத்தால் 5.4 லிட்டர். வித்தியாசம் அரை லிட்டர் சொச்சம். ரயிலடியில் நாலு டீ.

உண்மையிலேயே மைலேஜ் அதிகம் இறங்கினால் கார்புரேட்டரைக் கடைசியாகப் பாருங்கள். டயரில் காற்று இருக்கிறதா, சென்டர் ஸ்டாண்ட் போட்டுச் சுற்றினால் பின் சக்கரம் பிரேக்கில் பிடிக்காமல் சுற்றுகிறதா, செயின் காய்ந்திருக்கிறதா, ஏர் ஃபில்டரைக் கடைசியாக எப்போது தட்டினோம். பாதி நேரம் குற்றவாளி இங்கேயே அகப்பட்டுவிடுவான். எங்கள் தெருவில் ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், சோக்கைப் பாதி தூக்கியபடியே ஒரு மாதம் ஓட்டியிருக்கிறார்.

கார்புரேட்டர் செய்யாத குற்றத்துக்கு அதைக் கழற்றிய கதை என்னிடமே ஒன்று உண்டு. பல வருடத்துக்கு முன்பு இதே வண்டி எட்டு, பத்து கிலோமீட்டர் போனதும் நிற்கும். ஐந்து நிமிடம் நிழலில் நின்றால் கிளம்பும். மறுபடி எட்டு கிலோமீட்டர். மூன்று தடவை கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார்கள். ஒருநாள் கால்வாய்க் கரையில் நின்றபோது, பெட்ரோல் இருக்கிறதா பார்ப்போம் என்று டேங்க் மூடியைத் திறந்தேன். 'உஸ்' என்று காற்றை உள்ளே இழுத்தது. மூடியில் காற்று போக ஒரு பொடித் துளை உண்டு. புதிதாக வாங்கி மாட்டிய ரெக்சின் டேங்க் கவர் அதை அமுக்கி மூடியிருந்தது. காற்று உள்ளே போகாமல் பெட்ரோல் எப்படிக் கீழே இறங்கும்? கவரை அங்கேயே கழற்றி கேரியரில் கட்டிக்கொண்டு வந்தேன்.

நானே கெடுத்த கதையும் சொல்லிவிடுகிறேன். மண்ணெண்ணெய் ஸ்டவ்வுக்கு ஒரு பின் வைத்திருப்போமே, ஞாபகம் இருக்கிறதா? பைலட் ஜெட் அடைத்துக்கொண்டபோது அந்தப் பின்னால் குத்திச் சுத்தம் செய்தேன். ஜெட் பித்தளை, பின் இரும்பு. துளை பெரிதாகிவிட்டது. பிறகு வண்டி கரும்புகை கக்கிக்கொண்டு பெட்ரோல் குடித்தது, பிளக் அடுப்புக்கரி மாதிரி ஆனது. புது ஜெட் போட்ட பிறகுதான் அடங்கியது. ஜெட்டைக் கழற்றி கார்ப் கிளீனர் ஸ்ப்ரே அடியுங்கள், இல்லையென்றால் பஞ்சர் கடையில் காற்று பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு சூரியனுக்கு நேரே பிடித்தால் வட்டமாக ஒரு புள்ளி வெளிச்சம் தெரிய வேண்டும். கம்பி மட்டும் வேண்டாம்.

அந்த ஜெட் ஏன் அடைகிறது? நம்மைப் போன்றவர்கள் வண்டியை நிறுத்தியே வைப்பதால்தான். பெண் வீட்டுக்கு மூன்று வாரம் போய்விட்டு வந்தால், கிண்ணத்தில் கிடந்த பெட்ரோல் ஆவியாகிப் பிசுபிசுப்பாக ஒரு படிவு நிற்கும். ஊருக்குப் போகும் முன் டேப்பை மூடிவிட்டு, வண்டியை ஸ்டார்ட் செய்து அதுவாக நிற்கும்வரை விடுங்கள். கிண்ணம் காலி. மழைக்காலத்தில் கிண்ணத்தின் அடித் திருகைத் தளர்த்தி, கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்துப் பாருங்கள். எத்தனால் தண்ணீரை இழுக்கும் குணமுடையது. தண்ணீர் அதிகமானால் இரண்டும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும், அந்தக் கோடு கண்ணுக்கே தெரியும். இந்த வேலைகளைத் திறந்த வெளியில், இன்ஜின் ஆறின பிறகு செய்யுங்கள்.

ஊருக்குப் போகாவிட்டாலும் தினமும் ராத்திரி டேப்பை மூட வேண்டும் என்பதில் நான் பிடிவாதக்காரன். மிதவை ஊசியின் முனை தேய்ந்தாலோ, ஒரு தூசி சிக்கினாலோ, பெட்ரோல் நிற்காமல் வழியும். நம் வீடுகளில் வண்டியை எங்கே விடுகிறோம்? ரேழியில், திண்ணை ஓரத்தில். பக்கத்தில் விளக்கு மாடம், கொசுவர்த்திச் சுருள். காலையில் பெட்ரோல் வாசனை வந்தால் உதைக்காதீர்கள், சுவிட்சும் போடாதீர்கள். டேப்பை மூடி, வண்டியை வெளியே தள்ளுங்கள். வழிந்த பெட்ரோல் இன்ஜினுக்குள் இறங்கி ஆயிலோடு கலந்திருக்கவும் கூடும். ஆயில் குச்சியை முகர்ந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

சாலையில் நின்ற என் வண்டிக்கு வருவோம். மறுநாள் காலை இன்ஜின் சூடேற பத்து நிமிடம் ஓட்டிவிட்டு வந்து, திருகாணியை நானே வைத்தேன். முதலில் மெதுவாக உள்ளே முட்டும்வரை முறுக்கி, எத்தனை சுற்று என்று எண்ணிக் குறித்துக்கொண்டேன். முட்டிய பிறகு அழுத்தக் கூடாது, உள்ளே ஊசி நுனி கெட்டுவிடும். ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து ஸ்டார்ட் செய்து, கால் கால் சுற்றாகத் திருப்பி, இன்ஜின் எங்கே வேகமாகவும் சீராகவும் ஓடுகிறதோ அங்கே நிறுத்தினேன். பிறகு ஸ்லோ ஸ்பீடு திருகைக் குறைத்தேன். இருபது நிமிட வேலை. இரண்டு நாள் ஓட்டிவிட்டு பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். முன்பு வெளுத்துக் கிடந்தது, இப்போது காபித்தூள் நிறத்துக்கு வந்திருக்கிறது.

மைலேஜ் இன்னும் பார்க்கவில்லை. போன வெள்ளிக்கிழமை மனைவி மறுபடி பின்னால் ஏறினாள். வலப்புறத் திருப்பம் வந்ததும் என் தோளை இறுகப் பிடித்துக்கொண்டாள், தாண்டிய பிறகும் கொஞ்ச தூரம் விடவில்லை.