பழைய விளையாட்டுக்கு எது நியாய விலை?

முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் வெளிவந்த வீடியோ கேம்களை நிறுவனங்கள் இப்போது மறுபடியும் விற்கின்றன. இம்முறை கேஸட் இல்லை, அட்டைப் பெட்டி இல்லை, கடைக்குப் போக வேண்டியதும் இல்லை. பணத்தைக் கட்டினால் ஆட்டம் இணையம் வழியாக வீட்டுக் கருவியில் வந்து இறங்கிவிடுகிறது. விலை ஐந்து டாலரில் தொடங்கி அறுபது டாலர் வரை போகிறது. ஐந்து டாலர் என்றால் நம் பணத்தில் நானூறு ரூபாய்க்கு மேல். அறுபது டாலர் என்றால் ஐயாயிரத்துக்கும் மேல். மும்பையிலோ பெங்களூரிலோ அறை வாடகையும் கொடுத்து, ஊருக்கும் பணம் அனுப்பும் நம்மவருக்கு இது சின்னத் தொகை அன்று.

பிள்ளைகள் விளையாட்டுக்கு ஒரு தலையங்கமா என்று பெரியவர்கள் கேட்கக்கூடும். தொண்ணூறுகளில் வாடகைக்குக் கேஸட் எடுத்து மாரியோ ஆடிய பிள்ளைகள் இன்று நாற்பதை எட்டிய குடும்பஸ்தர்கள். பழைய ஆட்டங்களை வாங்குவோரில் பலர் அவர்கள்தாம். மேலும், இந்த வியாபாரத்தில் கையாளப்படும் முறைகள் சினிமாவுக்கும் பாட்டுக்கும் புத்தகத்துக்கும் பரவிவிட்டன. ஆகவே இது எல்லோரும் யோசிக்க வேண்டிய விஷயம்.

இதில் இரண்டு கட்சிகள் உண்டு. போட்ட முதலை எப்போதோ எடுத்துவிட்டார்கள், நகல் எடுக்கச் செலவே இல்லை, ஆகவே இலவசமாகவே தரலாம் என்பது ஒரு கட்சி. சரக்கு எங்களுடையது, விலையும் எங்களுடையது, இஷ்டமிருந்தால் வாங்கு, இல்லாவிட்டால் போ என்பது மற்றொரு கட்சி. இரண்டையும் நாம் ஏற்பதற்கில்லை.

முதல் கட்சியைப் பார்ப்போம். பழைய ஆட்டம் புதிய கருவியில் தானாக ஓடாது. பழைய கருவியைப் போலவே நடந்துகொள்ளும் ஒரு மென்பொருளை எழுத வேண்டும். திரையின் அளவு மாறியிருக்கிறது. விசைகள் மாறியிருக்கின்றன. ஒவ்வொரு கட்டத்தையும் ஆடிப் பார்த்துப் பிழை நீக்க வேண்டும். பாட்டுகள் உள்ள ஆட்டமானால் அவற்றின் உரிமைக்குத் தனியே பணம் கட்ட வேண்டும். ஜி.டி.ஏ. 4 என்ற ஆட்டம் 2008-ல் வந்தது. பத்தாண்டு உரிமை முடிந்ததும், 2018 ஏப்ரலில் அதிலிருந்த பல பாட்டுகளை எடுத்துவிட்டார்கள். இணையக் கடைக்காரருக்கும் பங்கு உண்டு. கணினி ஆட்டங்களை விற்கும் ஸ்டீம் கடை வழக்கமாக நூற்றுக்கு முப்பது எடுத்துக்கொள்கிறது. உழைப்பும் செலவும் இருக்கும் இடத்தில் கூலியும் இருக்க வேண்டும். ஆலையிலும் ஆபீசிலும் கூலிக்கு உழைக்கும் நாம் அடுத்தவர் கூலியை மறுக்கலாகாது.

அந்தக் காலத்தில் நம் ஊர்க் கடைகளில் விற்ற கேஸட்டுகளையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் உண்டு என்று மேலே அச்சிட்டிருக்கும். போட்டுப் பார்த்தால் சில ஆட்டங்களே திரும்பத் திரும்ப வரும். அந்தத் திருட்டு நகல்களால் ஆட்டத்தைப் படைத்த ஜப்பானியருக்கு ஒரு காசும் போகவில்லை. வாங்கியவனுக்கும் சொன்ன சரக்கு கிடைக்கவில்லை. இலவசமும் திருட்டும் யாருக்கும் நியாயம் செய்யவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

அடுத்தது விலை எங்கள் இஷ்டம் என்னும் கட்சி. இதை ஆராய நின்டெண்டோ நிறுவனத்தின் கணக்கே போதும். சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 1985-ல் வெளிவந்த ஆட்டம். 2006 நவம்பரில் வீ என்ற கருவியுடன் இந்நிறுவனம் பழைய ஆட்டங்களுக்கு ஓர் இணையக் கடை திறந்தது. முதல் தலைமுறை ஆட்டங்களுக்கு ஐந்து டாலர், அடுத்த தலைமுறைக்கு எட்டு டாலர், அதற்கும் அடுத்ததற்குப் பத்து டாலர் என்று பொதுவாக விலை வகுத்தது. ரயில் கட்டணப் பட்டியலைப் போல யாருக்கும் புரியும் ஏற்பாடு. விலை சற்று அதிகம் என்று சிலர் சொன்னாலும் ஒளிவுமறைவு இல்லை.

அடுத்து வீ யூ என்ற கருவி வந்தது. பழைய கருவியில் ஏற்கெனவே வாங்கியவர்கள், முதல் தலைமுறை ஆட்டமானால் ஒரு டாலர் கட்டி அதைப் புதுக் கருவிக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம் என்று ஓர் ஏற்பாடு செய்தார்கள். இதை நாம் பாராட்டவே வேண்டும். முன்பு முழு விலை கொடுத்தவனை அடையாளம் கண்டு, புதிதாகச் செய்த வேலைக்கு மட்டும் கூலி கேட்டார்கள்.

2017-ல் ஸ்விட்ச் கருவி வந்தபோது அந்த நல்ல வழக்கத்தைக் கைவிட்டார்கள். முன்பு வாங்கிய பழைய ஆட்டங்கள் எதுவும் புதுக் கருவிக்கு வரவில்லை. 2018 செப்டம்பரில் ஆண்டுக்கு 20 டாலர் சந்தா என்றார்கள். அதில் பழைய ஆட்டங்கள் இருபதுடன் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டினார்கள். 2021 அக்டோபரில் இன்னும் சில வரிசைகளைச் சேர்த்து, அவையும் வேண்டுமானால் ஆண்டுக்கு 50 டாலர் என்றார்கள். சூப்பர் மாரியோ பிரதர்ஸின் அந்தப் பழைய வீட்டுப் பதிப்பைத் தனியாக விலைக்கு வாங்க ஸ்விட்சில் வழி வைக்கவில்லை. சந்தா நின்றால் ஆட்டமும் நின்றுவிடும்.

சந்தா முறையே தவறு என்று நாம் சொல்ல வரவில்லை. தானேயிலிருந்து தினமும் ஆபீசுக்கு ரயிலேறுகிறவருக்கு சீசன் டிக்கெட் லாபந்தான். அதுபோல் நிறைய ஆட்டங்களை ஆடுகிறவருக்கு ஆண்டுச் சந்தா மலிவுதான். ஆனால் மாதம் ஒரு முறை மட்டும் பயணம் செய்கிறவரிடம், தனி டிக்கெட் கிடையாது, சீசன்தான் எடுக்க வேண்டும் என்று கவுண்ட்டரில் சொன்னால் யாராவது சும்மா இருப்பார்களா? இரண்டு கவுண்ட்டரும் திறந்திருந்தால்தான் பயணிக்கு நியாயம்.

வாங்கியவனுக்கே உறுதி இல்லை என்பது அடுத்த குறை. வீ கருவியின் கடை 2019 ஜனவரி 30-ல் மூடப்பட்டது. வீ யூ, 3டிஎஸ் ஆகிய இரண்டு கருவிகளின் கடைகளில் புதிதாக வாங்கும் வழி 2023 மார்ச் 27-ல் அடைக்கப்பட்டது. கருவி பழுதானால் அதில் உள்ள ஆட்டங்களின் கதி என்ன என்ற கவலை வாங்கியவருக்கு இருந்துகொண்டே இருக்கும். கேஸட்டானால் தம்பிக்குக் கொடுக்கலாம், பாதி விலைக்கு விற்கலாம். இறக்கிய ஆட்டத்தை அப்படிச் செய்ய முடியாது. கொடுக்கவும் விற்கவும் இயலாத சரக்குக்குக் கேஸட்டின் விலையைக் கேட்பது எந்தக் கணக்கு?

இன்னொரு தந்திரத்தையும் சொல்ல வேண்டும். 2020 செப்டம்பர் 18-ல் நின்டெண்டோ மூன்று பழைய மாரியோ ஆட்டங்களை ஒன்றாக்கி 60 டாலருக்கு வெளியிட்டது. மூன்றும் முறையே 1996, 2002, 2007-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. 2021 மார்ச் 31 வரைதான் விற்போம் என்று முன்கூட்டியே அறிவித்து, அப்படியே இணைய விற்பனையையும் நிறுத்தினார்கள். அரிசிக்கு இருப்புத் தீரும். இணையத்தில் இறக்கும் ஆட்டத்துக்கு இருப்புத் தீருவது ஏது? தீராத சரக்கைத் தீரப்போகிறது என்று காட்டி விற்பதற்கும் பதுக்கலுக்கும் அதிக தூரமில்லை.

ராக்ஸ்டார் நிறுவனம் ஒரு படி மேலே போயிற்று. ஜி.டி.ஏ. 3, வைஸ் சிட்டி, சான் ஆண்ட்ரியாஸ் ஆகிய மூன்றும் 2001-க்கும் 2004-க்கும் இடையே வந்தவை. நம் நாட்டு இன்டர்நெட் சென்டர்களில் வைஸ் சிட்டி ஆடாத இளைஞர் அந்நாளில் குறைவு. இவற்றைப் புதுப்பித்து 2021 நவம்பரில் 60 டாலருக்கு விற்கத் தொடங்கினார்கள். அதற்கு முன்பே, அதே அக்டோபரில், பழைய பதிப்புகளை இணையக் கடைகளிலிருந்து எடுத்துவிட்டார்கள். வந்த புதுப்பதிப்போ பிழைகள் மலிந்து கிடந்தது. வாங்கியவர்கள் கொதித்தெழுந்தனர். அதே மாதத்தில் நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, பழைய பதிப்புகளைக் கணினிக்காரர்களுக்கு மீண்டும் தருவதாக அறிவித்தது. வாங்குவோர் ஒன்றுபட்டுக் கேட்டால் பெரிய நிறுவனமும் இறங்கி வரும் என்பதை இச்சம்பவம் காட்டுகிறது.

நேர்மையாகவும் இந்த வியாபாரத்தை நடத்த முடியுமா? முடியும். 2008-ல் போலந்து நாட்டில் ஜி.ஓ.ஜி. என்ற இணையக் கடை தொடங்கியது. பழைய கணினி ஆட்டங்களை இன்றைய கணினிகளில் ஓடும்படி சீர்செய்து, தொடக்கத்தில் 5.99 டாலர், 9.99 டாலர் என்ற இரண்டே விலைகளில் விற்றார்கள். பூட்டு எதுவும் போடவில்லை. வாங்கியவர் அந்தக் கோப்பைத் தம்மிடமே பத்திரப்படுத்திக்கொள்ளலாம். கடை மூடினாலும் ஆட்டம் கையில் இருக்கும். பூட்டில்லாமல் விற்றால் திருட்டுப் பெருகிக் கடை கெட்டுவிடும் என்பார்கள். அந்தக் கடையோ பதினைந்து ஆண்டுகளைத் தாண்டி நடந்து வருகிறது.

விலையை மட்டும் பேசி நிறுத்திவிட முடியாது. அமெரிக்காவில் உள்ள வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023 ஜூலையில் ஓர் ஆய்வை வெளியிட்டது. அந்நாட்டில் 2010-க்கு முன் வந்த ஆட்டங்களில் நூற்றுக்கு 87 இன்று சந்தையில் கிடைப்பதில்லை என்று அது கண்டது. பத்து டாலரல்ல, நூறு டாலர் கொடுத்தாலும் நேர் வழியில் வாங்க இயலாது. அமெரிக்கச் சட்டப்படி நிறுவனப் படைப்புகளுக்கு உரிமை 95 ஆண்டுகள். 1985-ல் வந்த மாரியோ 2080 முடிய நிறுவனத்தின் கைப்பிடியில்தான் இருக்கும். நூலகங்கள் இத்தகைய ஆட்டங்களை ஆய்வாளர்களுக்குத் தொலைவிலிருந்து பார்க்கத் தர அனுமதி கேட்டபோது, 2024 அக்டோபரில் அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது. விற்கவும் மாட்டேன், நூலகத்தில் வைக்கவும் விடமாட்டேன் என்றால் அந்தப் படைப்பு அழிந்துபோக வேண்டியதுதானா?

விலையை அரசாங்கம் நிர்ணயிக்க வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. இது அரிசியோ மண்ணெண்ணெயோ அன்று. ஆனால் விற்பனை முறையில் நேர்மை இருக்க வேண்டும் என்று கேட்கும் உரிமை வாங்குவோருக்கு உண்டு. கலிபோர்னியா மாநிலத்தில் 2025 ஜனவரி முதல் ஒரு சட்டம் நடப்பில் இருக்கிறது. வெறும் அனுமதியை மட்டும் கொடுத்துவிட்டு ‘வாங்குங்கள்’ என்று எழுதினால், இது அனுமதிதான் என்பதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். நம் நாட்டிலும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 2020-ல் வந்த இணைய வணிக விதிகள் இத்தகைய மின்சரக்குகளுக்கும் பொருந்தும். 2023 நவம்பரில் வந்த வழிகாட்டு விதிகள் வாங்குவோரை ஏமாற்றும் 13 தந்திரங்களைப் பட்டியலிட்டுத் தடுத்துள்ளன. பொய்யான அவசரம் காட்டுவதும், சந்தாவில் சிக்கவைத்து வெளியேறவிடாமல் செய்வதும் அவற்றில் அடங்கும். இவற்றோடு, விற்பது சரக்கா அனுமதியா என்பதை வாங்கும் இடத்திலேயே சொல்ல வேண்டும் என்ற விதியையும் மத்திய அரசு சேர்த்தால் நன்மை பயக்கும்.

நியாய விலைக்கு நாம் சொல்லும் அளவுகோல் மூன்று. புதிதாகச் செய்த வேலைக்குத் தக்கபடி விலை இருக்க வேண்டும். ஒரு முறை முழு விலை கொடுத்தவரிடம் அடுத்த கருவியில் அதே ஆட்டத்துக்கு மறுபடியும் முழு விலை கேட்கக் கூடாது. சந்தா இருந்தாலும் தனியே வாங்கி வைத்துக்கொள்ளும் வழியும் திறந்திருக்க வேண்டும், பழைய பதிப்பை ஒளித்துப் புதியதைத் தலையில் கட்டக் கூடாது. இந்த மூன்றும் உள்ள இடத்தில் நானூறு ரூபாயும் நியாய விலையே. இவை இல்லாத இடத்தில் நாற்பது ரூபாயும் அதிகம்.

வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய ஆட்டம் ஒன்றை வாங்க ஆசைப்பட்டால், விலையைப் பார்க்கும் முன் அதைக் கோப்பாக வைத்துக்கொள்ள முடியுமா என்று பாருங்கள். ஸ்டீம் கடை 2015 முதல் ரூபாயிலேயே விலை சொல்கிறது. தள்ளுபடிக் காலங்களில் பழைய ஆட்டங்களின் விலை நன்றாக இறங்கும். அவசரப்பட வேண்டியதில்லை. சந்தா கட்டியிருந்தால், கணக்கிலிருந்து பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பாக வங்கியிலிருந்து தகவல் வரும். அதைப் படிக்காமல் தள்ளிவிடாதீர்கள். ஆண்டு முழுதும் ஒரு முறைகூடத் தொடாத ஆட்டத்துக்குப் பணம் போய்க்கொண்டிருந்தால், அன்றைக்கே அதை நிறுத்திவிடுவது நல்லது. அந்தப் பணத்துக்கு ஊரில் வேறு செலவு காத்திருக்கும்.