ஊருக்கு ஒரு தொலைபேசி



செய்தித் தொடர்பு வசதி பெற்றோர், பெறாதோர் என மக்கள் இரு கூறாகப் பிரிந்து நிற்கும் காலம் இது. ஏழை நாடுகளுக்குக் கருவிகளை அனுப்பிவிட்டால் பிளவு நீங்கிவிடுமா? வங்காளதேசம் தரும் விடையைக் கேளுங்கள்.

1971-ஆம் ஆண்டுப் போர்க்காலத்தில், மருந்து வாங்கி வர இக்பால் காதிர் என்னும் சிறுவன் காலை முழுதும் நடந்து அயலூர் சென்றான். மருந்து கொடுப்பவர் ஊரில் இல்லை. வெறுங்கையுடன் திரும்பி நடந்ததில் ஒரு பகல் வீணாயிற்று. முன்கூட்டியே கேட்டறிய ஒரு தொலைபேசி இருந்திருந்தால் அந்த நடை மிஞ்சியிருக்கும்.

பிற்காலத்தில் அவரே கிராமங்களுக்குத் தொலைபேசி கொண்டுசெல்ல முனைந்தார். பேராசிரியர் முஹம்மது யூனுஸின் கிராமீன் வங்கியும் நார்வே நாட்டின் டெலினார் நிறுவனமும் கைகொடுத்தன. 1997 மார்ச் 26 அன்று கிராமீன்போன் சேவை தொடங்கிற்று.

ஏழைக்குக் கைபேசி வாங்க வசதி ஏது? அதற்கும் வழி கண்டனர். கிராமத்துப் பெண் ஒருவர் வங்கியில் கடன் பெற்றுக் கைபேசி வாங்குவார். அண்டை அயலார் அவரிடம் வந்து, பேசிய நேரத்திற்குக் கட்டணம் செலுத்துவர். விளைபொருளின் சந்தை விலையை உழவர் விசாரித்தார். வளைகுடா நாட்டில் உழைக்கும் மகனுடன் தாய் பேசினார். கடனும் அடைந்தது, அப்பெண்ணுக்கு வருவாயும் ஊரில் மதிப்பும் கிடைத்தன. பின்னர் கைபேசி விலையும் கட்டணமும் குறைந்து பலரும் சொந்தமாக வாங்கியதும், அத்தொழில் நலிந்துபோயிற்று.

ஆயினும் பிளவு நீங்கிவிடவில்லை, வீட்டிற்குள் புகுந்துகொண்டது. தெற்காசியாவில் கைபேசி வழியே இணையத்தைப் பயன்படுத்தும் பெண்களின் விகிதம் ஆண்களைவிட இன்றும் குறைவே. கொரோனா காரணமாக 2020 மார்ச் முதல் 2021 செப்டம்பர் வரை அந்நாட்டுப் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, கருவி கைக்கு எட்டாத பிள்ளைகளுக்கு இணையவழிப் பாடமும் எட்டவில்லை.

ஒரே கைபேசியால் ஒரு கிராமமே பயன்பெற்றது, அது பிறருக்கும் பயன்படவேண்டும் என்ற ஏற்பாட்டுடன் ஒரு பெண்ணிடம் ஒப்படைக்கப்பட்டதால்தான். உங்கள் இல்லத்தையும் சற்று எண்ணிப் பாருங்கள். அங்குள்ள கைபேசி யார் கையில் இருக்கிறது? மகனுக்குக் கிடைக்கும் நேரம் மகளுக்கும் கிடைக்கிறதா? வங்கிக் கணக்கைப் பார்க்கவும் மருத்துவரிடம் நேரம் கேட்கவும் இல்லத்தரசிக்கு யாரேனும் கற்றுக்கொடுத்தீர்களா?

நாடுகளுக்கிடையே உள்ள பிளவை அரசுகள் அடைக்கட்டும். வீட்டிற்குள் இருக்கும் பிளவை அடைப்பது உங்கள் பொறுப்பு.